ஓடுகிற மோட்டார் சைக்கிளைக் கமெரா பார்க்கப் பழகிய கதை

(நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

பாடசாலை ஊடகக் கழகப் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. தியத்தலாவை, மின்னேரியா, சாலியபுர என்று தெற்கில் நடக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளின் படங்களை அவர்கள் பேஸ்புக்கில் பார்க்கிறார்கள். அதில் சில்லு சுழல்வது தெரிகிறது. பின்னால் நிற்கிற மரமும் சனமும் கோடு கோடாக இழுபட்டிருக்கிறது. ஓட்டுகிறவரின் தலைக்கவசத்தில் உள்ள எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. பிறகு நல்லூரில் பருத்தித்துறை வீதியோரம் நின்று தாங்களும் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துப் பார்க்கிறார்கள். அது விற்பனைக்கு நிறுத்திவைத்த வண்டி மாதிரி நிற்கிறது. "சேர், எங்கட கமெரா காணாதோ?"

கமெரா காணும். மாற்ற வேண்டியது ஒரேயொரு எண்ணை. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எப்போது எதை வைப்பது என்று பிடிபடும். நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். அதனால் கதையை முதலிலிருந்தே சொல்லுகிறோம்.

ஓடினவர்கள் மறைந்துபோன காலம்

இருட்டறையின் சிறு துளை வழியே வெளிச்சம் வந்து எதிர்ச் சுவரில் தலைகீழாக உருவம் விழுவதை 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இப்னு அல்ஹைதம் சோதித்து எழுதினார். சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் துளை வழியே விழுவதை ஆராய்ந்தவர் அவர். இந்த இடத்தில் ஒரு திருத்தம். 'கமெரா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று பதிவுகள் சுற்றுகின்றன. அது சரியில்லை. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இப்னு அல்ஹைதமின் பெருமைக்கு அவர் செய்த சோதனைகளே போதும்.

உருவம் விழுந்ததே தவிர நிற்கவில்லை. அதை நிறுத்த இன்னும் 800 ஆண்டுகள் சென்றன. பிரான்சில் நியெப்ஸ் 1820களில் எடுத்த முதற் படத்துக்கு மணிக்கணக்கான வெளிச்சம் தேவைப்பட்டது. 1838இல் டகேர் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றை மேல்மாடி யன்னலால் எடுத்தார். பகல் நேரம், நெரிசலான வீதி, வண்டியும் குதிரையும் சனமும் போய்வந்துகொண்டிருந்தன. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. காரணம், கமெரா சில நிமிடங்கள் திறந்தபடி இருந்தது. அசைந்தவர் எவரும் தகட்டில் பதிய நேரம் கிடைக்கவில்லை. ஓரமாக நின்று சப்பாத்துத் துடைப்பித்துக்கொண்ட ஒருவர் மட்டும் பதிந்தார். ஒரு காலைத் தூக்கி வைத்தபடி அசையாமல் நின்றதால் வரலாற்றில் இடம்பிடித்த மனிதர் அவர்.

இதை நல்லூரிலேயே செய்து பார்க்கலாம். பொழுது பட்டபிறகு முத்திரைச் சந்தியில் கமெராவை முக்காலியில் வைத்து, சங்கிலியன் சிலையைப் பார்த்தபடி ஷட்டரை 30 செக்கன் திறந்து விடுங்கள். சிலை அப்படியே வரும். சந்தியைக் கடந்த மோட்டார் சைக்கிள்களில் விளக்கின் கோடு மட்டும் மிஞ்சும். வண்டியையும் ஆளையும் காணமாட்டீர்கள்.

இலங்கைக்கு வந்த ஆரம்பகாலக் கமெராக்களும் இந்தக் கட்டுக்குள்தான் இருந்தன. ஜோசப் லோட்டன் 1870களின் தொடக்கத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளை எடுத்தார். 1875இல் இங்கே குடிவந்து 1879இல் இங்கேயே இறந்த ஜூலியா மார்கரட் கமரன் மனிதர்களை எடுத்தார். அவர் முன்னால் இருந்தவர்கள் மூச்சடக்கி அசையாமல் இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய முன்னம் படத்தை எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டிய முறை அது. எனவே எங்கள் நாட்டின் பழைய படங்களில் கல்லும் கட்டடமும் விறைத்துப்போய் இருக்கும் மனிதரும் நிறைய உண்டு. ஓடுகிற எதுவும் இல்லை.

குதிரையும் மோட்டார் சைக்கிளும் ஒரே வேகம்

குதிரை பாய்ந்து ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புமா? 19ஆம் நூற்றாண்டில் இது தீராத வாதம். ஓவியர்கள் முன்கால்களை முன்னுக்கும் பின்கால்களைப் பின்னுக்கும் நீட்டி, குதிரை பறக்கிற மாதிரி வரைந்துவந்தார்கள். கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டன்போர்ட் விடை காண விரும்பி எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளரை அமர்த்தினார்.

1878 ஜூன் மாதம் பாலோ அல்ற்றோவில் மைபிரிட்ஜ் 12 கமெராக்களை வரிசையாக வைத்தார். ஓடுபாதைக்குக் குறுக்கே நூல் கட்டியிருந்தார். குதிரை நூலை அறுக்க அறுக்க ஒவ்வொரு கமெராவாகத் திறந்து மூடியது. ஒவ்வொரு படத்துக்கும் 1/2000 செக்கனிலும் குறைந்த நேரமே எடுத்ததாக அவர் அச்சிட்ட அட்டையில் இருக்கிறது. நாலு காலும் எழும்புவது உண்மைதான். ஆனால் ஓவியர்கள் வரைந்ததற்கு நேர் எதிராக, கால்கள் நாலும் வயிற்றின் கீழ் மடங்கிச் சேரும்போதே அது நடக்கிறது.

அந்தக் குதிரையின் பெயர் சாலி கார்ட்னர். மைலை 1 நிமிடம் 40 செக்கனில் ஓடுகிற வேகம், அதாவது மணிக்குச் சுமார் 58 கி.மீ. 29 ஆண்டுகள் கழித்து, 1907 மே 28இல், ஐல் ஒஃப் மான் தீவில் முதலாவது ரீ.ரீ. மோட்டார் சைக்கிள் போட்டி நடந்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் வென்ற சார்லி கொலியரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 61 கி.மீ. மோட்டார் சைக்கிள் ஓட்டம் தொடங்கியபோது அது ஒரு நல்ல குதிரையின் வேகந்தான். அந்த வேகத்தைப் பிடிக்கும் வித்தை கமெராவுக்கு அதற்கு முன்பே கைவந்திருந்தது. பிறகு வண்டி எங்கேயோ போய்விட்டது. அதே தீவில் 2023இல் பீற்றர் ஹிக்மன் ஒரு முழுச் சுற்றை மணிக்கு 219 கி.மீ. சராசரியில் ஓடி முடித்தார்.

1882இல் பிரான்சின் எத்தியன் மாரே துப்பாக்கி வடிவத்தில் ஒரு கமெரா செய்தார். ஒரு செக்கனில் 12 படம், ஒவ்வொன்றும் 1/720 செக்கன். பறக்கும் பறவையைக் குறிவைத்துத் தொடர்ந்து சுடுவது போல எடுப்பார். இன்று விசையை அமர்த்திப் பிடிக்க 'டக் டக் டக்' என்று படம் விழுகிறதே, அந்த பர்ஸ்ட் முறையின் மூதாதை இதுதான்.

கோணிப்போன சில்லு

அடுத்த கதையின் நாயகன் ஒரு பெடியன். பிரான்சில் நடந்த கார் ஓட்டப் போட்டி ஒன்றுக்கு ஜாக் ஹென்றி லார்ட்டீக் கமெராவுடன் போனார். கார் கடக்கும்போது கமெராவையும் அதோடு திருப்பினார். ஆனால் காரின் வேகத்துக்கு அவரால் திரும்ப முடியவில்லை. படத்தில் பாதிக் கார் வெளியே போய்விட்டது. சில்லு முட்டை வடிவில் முன்னுக்குச் சாய்ந்திருந்தது. பின்னால் நின்ற சனமும் கம்பமும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அவர் கணக்கில் அது பழுதான படம்.

சாய்ந்ததற்குக் காரணம் ஷட்டர். அந்தக் கமெராவில் ஷட்டர் முழுவதாகத் திறப்பதில்லை. ஒரு திரையில் உள்ள நீட்டு வெட்டு, தகட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊர்ந்து போகும். சில்லின் கீழ்ப்பகுதி முதலிலும் மேற்பகுதி கடைசியிலும் பதிந்தன. இடைப்பட்ட கணத்தில் கார் முன்னேறிவிட்டது. 1963இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் லார்ட்டீக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தபின் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. இன்று வேகத்தைக் காட்டிய படம் எது என்று கேட்டால் பலரும் சொல்வது அந்தப் 'பழுதான' படத்தைத்தான்.

கைத்தொலைபேசியால் ஓடுகிற மோட்டார் சைக்கிளை எடுத்து, வண்டியே கோணலாக வந்ததைக் கண்டிருக்கிறீர்களா? அதே கதைதான். தொலைபேசியின் உணரி படத்தை முழுதாக ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரி வரியாக வாசிக்கிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் வண்டி நகர்ந்துவிடும். லார்ட்டீக்கின் வெட்டுத் திரை 100 ஆண்டு கழித்து எங்கள் சட்டைப் பைக்குள் இருக்கிறது. சாய்கிற பக்கம் மட்டும் மாறலாம்.

ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 30 மீற்றர் போகும். ஷட்டர் 1/125 செக்கன் திறந்தால் அதற்குள் 24 சென்றிமீற்றர் போய்விடும். 1/1000 என்றால் 3 சென்றிமீற்றர். 1/4000 என்றால் ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவு.

இனிச் சில்லு. ரயரோடு சேர்த்து 30 சென்றிமீற்றர் ஆரை என்று வைப்போம். அந்த வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 16 தரம் சுற்றும். 1/1000 செக்கனில் 6 பாகைதான் திரும்பும். கம்பிகள் எல்லாம் எண்ணக்கூடிய மாதிரி நிற்கும். 1/60 செக்கனில் காற்சுற்றுக்கு மேல் திரும்பிவிடும். கம்பிகள் கலந்து வட்டமாகத் தெரியும்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு விடை வந்துவிட்டது. நல்ல வெயிலில் ஒட்டோவில் விட்ட கமெரா 1/1000க்கு மேலே போய்விடும். வண்டி நின்ற மாதிரி வரும். போட்டிப் படங்களை எடுத்தவர் 1/125ஓ 1/60ஓ வைத்து, வண்டியோடு சேர்ந்து கமெராவைத் திருப்பியிருக்கிறார். பானிங் என்பது இதுதான். வண்டியின் உடல் கமெராவுக்கு நிற்கிறது. சில்லும் பின்னணியும் ஓடுகின்றன.

எங்கள் பக்கத்து ஓட்டப் பாதைகள்

நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. சென்னைக்கு வெளியே சோழவரத்திலும், எங்கள் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தையிலும் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதைகள் பின்னர் ஓட்டப் பாதைகளாயின. சோழவரத்தில் போட்டி நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் உருவானது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தது. தியத்தலாவையில் இராணுவ அக்கடமியின் பொக்ஸ் ஹில் 1993இல் ஆரம்பித்தது.

அந்தக் காலப் படப்பிடிப்பாளரின் கையில் 36 படம் எடுக்கிற ஒரு பிலிம் சுருள். குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆகவே அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். வண்டி கடக்கப்போகிற இடத்தில் ஒரு கல்லையோ கோட்டையோ பார்த்து முன்கூட்டியே குவியத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வண்டி அங்கே வரும்போது ஒரே அமத்தல். இன்றைக்கும் மலிவான கமெரா வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

1982இல் வந்த நிக்கொன் எஃப்.எம்.2 ஷட்டர் வேகத்தை 1/4000க்குக் கொண்டுபோனது. 1985இல் மினோல்ற்றா 7000 குவியத்தைத் தானே வைத்தது. 1991இல் கொடாக் நிறுவனம் விற்பனைக்கு விட்ட டிஜிற்றல் கமெராவுக்குத் தோளில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுத் திரிய வேண்டும். படத்தின் அளவு 1.3 மெகாபிக்சல். 1999இல் நிக்கொன் டி1 வந்தபின்தான் செய்திப் படப்பிடிப்பாளர்கள் பிலிமைக் கைவிடத் தொடங்கினார்கள். 2023 இறுதியில் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பு, உணரி முழுவதையும் ஒரே கணத்தில் வாசிக்கிறது. லார்ட்டீக்கின் கோணல் அதில் வராது.

எதை எங்கே வைப்பது

முதலில் ஷட்டர் வேகத்தை நீங்களே தெரிவுசெய்யும் முறைக்கு மாற்றுங்கள். நிக்கொன், சோனியில் 'எஸ்' என்றும் கனொனில் 'ரீவி' என்றும் இருக்கும்.

மேட்டில் பாய்ந்து ஆகாயத்தில் நிற்கும் வண்டிக்கு 1/1000. இரண்டு சில்லும் நிலத்தை விட்டு எழும்பியிருப்பதே வேகத்தைச் சொல்லிவிடும். அங்கே மைபிரிட்ஜின் பாடம். நேரே உங்களை நோக்கி வரும் வண்டிக்கும் 1/1000 அல்லது அதற்கு மேல். நேரே வருகிறதைப் பானிங் செய்ய முடியாது.

குறுக்கே கடக்கும் வண்டிக்குப் பானிங். முதலில் 1/250இல் பழகுங்கள். கை படிந்தபின் 1/125, பிறகு 1/60. படம் விழப்போகும் இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி, வண்டி தூரத்தில் வரும்போதே அதைப் பின்தொடருங்கள். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். அமர்த்தியபின்னும் திரும்புவதை நிறுத்த வேண்டாம். லார்ட்டீக் பிந்தியது போல நாங்களும் பிந்துவோம். 20 எடுத்து 2 தேறினால் அது நல்ல நாள்.

குவியம் தொடர் முறையில் இருக்கட்டும். நிக்கொனில் 'ஏ.எஃப்.-சி', கனொனில் 'ஏ.ஐ. சேர்வோ'. புள்ளியைத் தலைக்கவசத்தில் வையுங்கள். சில்லு கலங்கினாலும் ஆள் தெளிவாக இருக்க வேண்டும்.

எங்கள் வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 16 என்றால் 1/100 செக்கன் போதும் என்பது பழைய கணக்கு. அதற்கும் மெதுவாகப் போனால் துவாரத்தை இன்னும் ஒடுக்க வேண்டும். ஒருகட்டத்தில் கமெராவால் ஒடுக்கவும் இயலாது, படம் வெளிறிவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஆகக் குறைத்து வையுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னரோ பின்னேரத்திலோ பழகுங்கள்.

பழக ஓட்டப் போட்டி தேவையில்லை. நல்லூரில் பின்னேரம் வீட்டுப் படலைக்குள் நின்று வீதியால் போகும் சைக்கிள்களை 1/30இல் எடுங்கள். தைப்பொங்கலை ஒட்டி வரும் மாட்டுவண்டிச் சவாரியில் வேலிக்கு வெளியே நின்று 1/125இல் எடுங்கள். சவாரி மாட்டைப் பிடிக்கிற கை மோட்டார் சைக்கிளையும் பிடிக்கும்.

எங்கே நிற்பது

எல்லாவற்றையும் விடப் பெரிய விடயம் இது. 2024 ஏப்ரல் 21இல் பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். கைத்தொலைபேசிகளில் பதிவான காணொளிகள் அன்றே எங்கள் எல்லோரிடமும் வந்து சேர்ந்தன.

வளைவில் கட்டுப்பாட்டை இழக்கும் வண்டி வளைவோடு திரும்பாது. தொடுகோட்டு வழியே நேரே வெளிப்பக்கம் போகும். அதனால் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கக் கூடாது. கமெராவில் கண் வைத்தவருக்கு ஒரு வண்டி மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் வருகிறது தெரியாது. தூர லென்ஸ் வழியே தூரமும் சரியாகப் பிடிபடாது. தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். கூட ஒருவரை நிற்கச் சொல்லுங்கள், அவர் கமெரா தூக்காமல் பாதையைப் பார்க்கட்டும். பாதைக் காவலர் விலகச் சொன்னால் படம் பாதியில் இருந்தாலும் விலகுங்கள்.

எங்களிடம் இல்லாத படங்கள்

டகேரின் வீதியில் நின்றவர் பதிந்தார், ஓடியவர்கள் மறைந்தார்கள் என்று எழுதினோம். அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு எங்கள் ஊர் ஞாபகம் வரும்.

1990களில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்க ஓடிய வண்டிகள். அந்தக் காலத்தவர் எல்லோரும் சொல்லுவார்கள். படத்தைக் கேட்டால் அநேகமாக எவரிடமும் இல்லை.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், நல்லூர் உட்பட வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. இரண்டு நாளிலும் எத்தனையோ வீட்டு அல்பங்கள் அலுமாரியில் விடுபட்டுப் போயின. தப்பிய படங்களும் பெரும்பாலும் ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் அசையாமல் நிற்கும் படங்கள். மாமா மோட்டார் சைக்கிளில் சந்தியால் திரும்புகிற படம், பெரியம்மா சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற படம் என்று எதுவும் எங்கள் வீடுகளில் கிடையாது.

ஆகவே பிள்ளைகள் ஷட்டர் எண்ணைப் பற்றிக் கேட்கும்போது அதை விளையாட்டுக் கேள்வியாக நாங்கள் எடுப்பதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் பழகிய கைக்கு நாளைக்குத் தன் ஊரின் நடமாட்டத்தையும் எடுக்க வரும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். 1980களுக்கு முன்போ பின்போ, யாழ்ப்பாணத்தில் ஓடுகிற சைக்கிள், மோட்டார் சைக்கிள், சவாரி வண்டி எதையாவது காட்டும் படம் உங்களிடம் இருந்தால், பின்பக்கத்தில் பென்சிலால் ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். கலங்கிப்போன படம் என்று எறிந்துவிடாதீர்கள். கலக்கம் எவ்வளவு நீளம் என்று அளந்தால் வண்டி என்ன வேகத்தில் போனது என்பதைக்கூட மேலே சொன்ன கணக்கால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பயிற்சியும் ஆகும். ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்பினால் வகுப்பில் காட்டுவோம்.